அருகிருந்து காத்தவர் – மருத்துவர் ஐடா ஸ்கடர்

நுழையுமுன்

காய்ச்சலோடு மருத்துவமனைக்குச் செல்லும்போது நம்மை முதலில் தொடுபவர் யார்? பெரும்பாலும் மருத்துவர் அல்லர். வெப்பமானியைக் கையில் ஏந்தி வரும் செவிலியரே முதலில் நம் அருகில் வருகிறார். பெயரையும் வயதையும் கேட்கிறார். நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். ஊசி போடும்போது வேறு பக்கம் பார்க்கச் சொல்கிறார். மருத்துவர் வந்து சென்ற பின்னரும் இரவு முழுவதும் நம்மைக் காப்பவர் அவரே.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நோயாளியின் பக்கத்தில் இருந்து மருந்தை முறையாகக் கொடுப்பவரையும் நான்காவதாகச் சேர்க்கிறார். அவரை உழைச்செல்வான் என்று குறிக்கிறார். உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவு பெறாது.

இந்த நான்காவது கூறு தமிழ்நாட்டில் வேரூன்ற உழைத்த ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் படிப்போம். அவர் பட்டத்தால் மருத்துவர். ஆயினும், மருந்து மட்டும் நோயைத் தீர்க்காது என்பதை இளமையிலேயே பெரும் துயரத்தின் வழியாக உணர்ந்தவர்.

இராணிப்பேட்டையில் பிறப்பு

ஐடா சோபியா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அன்று அவ்வூர் மதராஸ் மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அவருடைய குடும்பம் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவக் குடும்பம். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்தவர். பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். அவருடைய பிள்ளைகளும் தமிழ் நிலத்திலேயே பணியாற்றினர். ஐடாவின் தந்தையாரும் ஜான் என்னும் பெயருடைய மருத்துவரே. தாயார் பெயர் சோபியா.

உடன் பிறந்த அண்ணன்மாருக்குப் பின் பிறந்த ஒரே பெண் என்பதால் ஐடா வீட்டின் செல்லக் குழந்தையாக வளர்ந்தார். சுற்றிலும் ஒலித்த தமிழ், ஆங்கிலத்தோடு சேர்ந்து அவர் காதில் விழுந்தது. ஆனால் அக்குழந்தைப் பருவம் துன்பமே அறியாததாக இருக்கவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்தது, கிணறுகள் வற்றின, மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். பசியால் வாடி வந்த குழந்தைகளுக்குப் பெற்றோர் உணவளித்தபோது, ஆறு வயதுச் சிறுமியாகிய ஐடாவும் ரொட்டித் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். உணவை வாயில் வைக்கவும் வலுவற்றிருந்த குழந்தைகளை அவர் கண்டார். அக்காட்சி அவர் மனத்தில் அச்சமாகத் தங்கியது.

பஞ்சத்திற்குப் பின் குடும்பம் அமெரிக்காவுக்குச் சென்றது. ஐடா அங்கேயே கல்வி கற்றார். நண்பர்களோடு மகிழ்ந்து, நல்ல இல்லறம் அமைத்து, அமைதியாக வாழ வேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருந்தது. வெயிலும் நோயும் வறுமையும் நிறைந்த நாட்டுக்குத் திரும்பி, பெற்றோரைப் போலத் தொண்டு செய்வதில்லை என்று உறுதியாக இருந்தார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

1890ஆம் ஆண்டில் தாயார் நோய்வாய்ப்பட்டார் என்னும் செய்தி வந்தது. அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர். தாய்க்கு உதவிவிட்டு விரைவில் திரும்பலாம் என்ற எண்ணத்தோடு ஐடா புறப்பட்டு வந்தார்.

ஓர் இரவு அவர் தம் அறையில் அமர்ந்திருந்தபோது வெளியே காலடி ஓசை கேட்டது. வாயிலில் ஓர் இளைஞர் நின்றார். அவர் அந்தணர் குலத்தைச் சேர்ந்தவர். அவருடைய மனைவி மிகவும் இளவயதினர். மகப்பேற்றில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். ஐடா வந்து உதவ வேண்டும் என்று அவ்விளைஞர் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், மருத்துவராகிய தம் தந்தை உடனே வருவார் என்றும் ஐடா கூறினார். அதற்கு அவ்விளைஞர் உடன்படவில்லை. வேற்று ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பது அவர்கள் வழக்கத்திற்கு ஒவ்வாதது. அவர் தலை குனிந்து திரும்பிச் சென்றார்.

சிறிது நேரத்தில் மீண்டும் காலடி ஓசை கேட்டது. இம்முறை வந்தவர் ஓர் இசுலாமியர். அவருடைய மனைவிக்கும் அதே நிலை. அவரும் ஆண் மருத்துவரை ஏற்க மறுத்துச் சென்றார். மூன்றாவதாக மற்றொருவர் வந்தார். அவரும் அதே வேண்டுகோளைக் கூறி, அதே விடையைக் கேட்டு, இருளில் மறைந்தார்.

அன்று இரவு ஐடா உறங்கவில்லை. விடியும் வேளையில் தெருவில் சாவுப் பறை கேட்டது. பணியாளரை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்று தெரிந்தது.

மாணவர்களே, இங்குச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அன்று அவ்வூரில் மருத்துவர் இருந்தார். அவரிடம் மருந்தும் கருவிகளும் இருந்தன. இருந்தும் அந்த மூன்று பெண்களின் படுக்கையருகே செல்ல அவரால் இயலவில்லை. அவர்கள் அச்சமின்றித் தம் உடலைக் காட்டவும், கூச்சமின்றித் தம் வலியைச் சொல்லவும் தக்க ஒருவர் அங்கு இல்லை. மருத்துவம் வாயில் வரை வந்தும் உள்ளே நுழைய வழியின்றி நின்றது.

காலையில் ஐடா பெற்றோரிடம் சென்றார். தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, இந்தியப் பெண்களுக்காகத் திரும்பி வரப் போவதாக அறிவித்தார்.

மருத்துவக் கல்வி

அக்காலத்தில் பெண்கள் மருத்துவம் கற்பது மேலை நாட்டிலும் எளிதாக இல்லை. ஐடா 1895இல் பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது அங்கு மாறினார். 1899இல் மருத்துவராகத் தேறினார்.

வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டப் பொருள் தேவைப்பட்டது. அவர் பலரிடமும் சென்று உதவி கேட்டார். ஷெல் என்னும் வங்கியாளர் மறைந்த தம் மனைவி மேரி டேபரின் நினைவாக 10,000 டாலர் அளித்தார். அந்தத் தொகையோடும் தோழி ஆனி ஹான்காக்கோடும் ஐடா கப்பலேறினார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் இந்திய மண்ணை மிதித்தார்.

ஓர் அறை, ஒரு படுக்கை

தந்தையிடம் சில ஆண்டுகள் தொழில் பழகலாம் என்று ஐடா எண்ணியிருந்தார். ஆனால் அவர் வந்த சில மாதங்களிலேயே தந்தை காலமானார். முப்பது வயதும் நிரம்பாத அவர் வேலூரில் தனித்து நின்றார். வீட்டின் ஒரு சிற்றறையே மருந்தகமாயிற்று. ஒரு படுக்கையே மருத்துவமனையாயிற்று.

தொடக்கத்தில் நோயாளிகள் தயங்கினர். வெள்ளைக்காரப் பெண்ணின் மருந்து தீட்டாகுமோ என்று சிலர் அஞ்சினர். கத்தியைக் கண்டு நடுங்கியவர் பலர். எல்லா முயற்சியும் தோற்ற பிறகே, உயிர் போகும் நிலையில் நோயாளியைக் கொண்டுவந்தவரும் உண்டு. அவ்வாறு காலம் கடந்து வந்தவர் இறந்தால், பழி மருத்துவமனையின் மேல் விழும். அடுத்தவர் வர அஞ்சுவார். இந்த வட்டத்தை உடைக்க வேண்டியிருந்தது.

அதற்கு அவருக்கு முதலில் துணை நின்றவர் சலோமி. வீட்டில் பணிசெய்தவரின் மனைவியாகிய சலோமிக்கு மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லை. ஐடா அவருக்குக் கையைக் கழுவும் முறையிலிருந்து தொடங்கிக் கற்பித்தார். கருவிகளைக் கொதிநீரில் இடவும், புண்ணைத் துடைத்துக் கட்டவும், மருந்தின் அளவை நினைவில் கொள்ளவும் சலோமி கற்றார். அறுவை சிகிச்சை மேசையின் அருகே உதவிக்கு நின்றதும் அவரே. அவ்வூர்ப் பெண்களின் பேச்சும் நம்பிக்கைகளும் அச்சங்களும் சலோமிக்கு நன்கு தெரியும். மருத்துவரின் அறிவையும் நோயாளியின் மனத்தையும் இணைக்கும் பாலமாக அத்தகைய ஒருவர் எவ்வளவு இன்றியமையாதவர் என்பதை ஐடா அன்றாடம் கண்டார்.

இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகள் அச்சிறிய மருந்தகத்தில் மருத்துவம் பெற்றனர். 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது.

செவிலியர் பள்ளி

படுக்கைகள் பெருகின, ஆனால் கைகள் பெருகவில்லை. ஒரு மருத்துவர் ஒரு நோயாளியின் அருகில் நாளொன்றுக்குச் சில நிமிடங்களே நிற்க முடியும். எஞ்சிய பொழுதெல்லாம் அவரைக் கவனிப்பது யார்? இரவில் காய்ச்சல் ஏறினால் அறிவது யார்? அறுவை சிகிச்சை வெற்றி பெற்றும், பின்னர்ப் புண் தூய்மையாகப் பேணப்படாவிட்டால் உயிர் போகக்கூடுமே! இக்கேள்விகளுக்கு விடையாகப் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும் என்று ஐடா முடிவு செய்தார்.

செவிலியர் பணியை ஒழுங்கான கல்வியாக்கியவர் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் என்பதை நீங்கள் அறிவீர்கள். கிரீமியப் போரில் காயமுற்ற வீரர்களைப் பேணிய அவர், 1860இல் இலண்டனில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும் அப்பயிற்சி தொடங்கியது. எனினும் நம் நாட்டுப் பெண்கள் இப்பணிக்கு வருவது அரிதாகவே இருந்தது. பிறர் உடலைத் தொடுவதும், குருதியையும் கழிவையும் அகற்றுவதும் இழிந்த வேலை என்று கருதப்பட்டன. சாதி வேறுபாடு பெருந்தடையாக இருந்தது. இரவில் வேலை செய்யும் பெண்ணை ஊர் ஐயத்தோடு நோக்கியது. படித்த பெண்களோ மிகச் சிலர்.

இத்தனை தடைகளுக்கு நடுவே, 1909இல் வேலூரில் செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. டெலியா ஹௌட்டன் என்னும் அமெரிக்கச் செவிலியர் ஐடாவோடு சேர்ந்து அதனைக் கட்டியெழுப்பினார். மகளை அனுப்பத் தயங்கிய பெற்றோர்க்கு மன உறுதி தரவேண்டியிருந்தது. எந்தச் சாதியினராயினும் நோயாளி நோயாளியே என்னும் பாடத்தை மாணவியர் முதலில் கற்க வேண்டியிருந்தது.

தமிழில் செவிலி என்பது பழஞ்சொல். சங்க இலக்கிய அகப்பாடல்களில் தலைவியை வளர்த்துப் பேணும் தாயே செவிலித்தாய் எனப்படுகிறாள். பெறாத பிள்ளையைப் பெற்ற தாய்போல் காப்பவள் அவள். நோயாளியைப் பேணுபவருக்கு இச்சொல்லைத் தமிழர் வழங்கியது எவ்வளவு பொருத்தம்!

படுக்கையருகே நடப்பது என்ன?

செவிலியர்க்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள உறவு எவ்வாறு நோயைத் தணிக்கிறது? இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலாவது, நோயாளி உண்மையைச் சொல்கிறார். பெரிய மருத்துவர் முன் நோயாளி பெரும்பாலும் சுருக்கமாகவே பேசுவார். சிலவற்றை மறைக்கவும் செய்வார். உணவு செல்லவில்லை என்பதையும், மருந்தை விழுங்காமல் துப்பியதையும், வீட்டில் கைக்குழந்தை தனித்திருப்பதையும் செவிலியரிடமே சொல்வார். அச்சொற்களில்தான் நோயின் காரணம் ஒளிந்திருக்கக்கூடும்.

இரண்டாவது, மாற்றம் உடனே தெரிகிறது. மணிக்கணக்கில் அருகிருப்பவர் மூச்சின் வேகத்தையும், நாடித் துடிப்பையும், முகத்தின் நிறத்தையும் கவனிக்கிறார். பிள்ளை பெற்ற தாய்க்குக் குருதிப்போக்கு மிகுந்தால் சில நிமிடத் தாமதமும் உயிரைப் பறிக்கும். அதனை முதலில் காண்பது செவிலியரின் கண்ணே.

மூன்றாவது, உடல் பேணப்படுகிறது. எழ இயலாதவரை உரிய நேரத்தில் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் உண்டாகும். உடம்பைத் துடைத்தல், விரிப்பை மாற்றுதல், சிறிது சிறிதாகக் கஞ்சி ஊட்டுதல் ஆகியவை சிறு வேலைகள் போலத் தோன்றும். இவை இல்லாமல் உயர்ந்த மருந்தும் பயன் தராது.

நான்காவது, அச்சம் குறைகிறது. அஞ்சியவருக்கு வலி கூடுதலாகத் தெரியும், உறக்கம் வராது, உணவு பிடிக்காது. என்ன செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டியே அன்போடு விளக்கிய பின் ஊசி போட்டால், அதே ஊசியை நோயாளி பொறுத்துக்கொள்வார். நம்பிக்கை பிறந்தால் அவர் மருந்தைத் தவறாது உண்பார். மீண்டும் வரச் சொன்ன நாளில் வருவார்.

அன்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது, மருத்துவமனையில் இத்தகைய செயல்களாகவே விளங்குகிறது. இனிய சொல் மட்டும் போதாது. கை கழுவப்பட்டிருக்க வேண்டும். கை தூய்மையாக இருந்தால் மட்டும் போதாது. சொல்லும் இனிதாக இருக்க வேண்டும்.

மரத்தடி மருத்துவம்

மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர் மக்களை நாடி ஐடா தாமே சென்றார். முதலில் மாட்டு வண்டியிலும், பின்னர் மோட்டார் வண்டியிலும் அவர் பயணம் செய்தார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், குறித்த நாளில், குறித்த மரத்தடியில் மக்கள் காத்திருப்பர். வண்டி நின்றதும் மருந்துப் பெட்டி இறங்கும். கண்ணோய், சொறி, ஆறாத புண், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு என்று ஒவ்வொருவராக வருவர். தொழுநோயாளிகளும் வருவர். ஊரார் அருகில் வர அஞ்சிய அவர்களின் புண்களைக் கழுவிக் கட்டினர் மருத்துவக் குழுவினர்.

இப்பணியின் வெற்றிக்கு ஒரு சிறு காரணம் உண்டு. வண்டி வாரந்தோறும் தவறாமல் வந்தது. சென்ற வாரம் கட்டுப்போட்டவரே இவ்வாரமும் வந்து, புண் ஆறியதா என்று கேட்டார். ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பக் காணும்போதுதான் ஏழை மக்களுக்கு நம்பிக்கை வளர்கிறது. சாலையோர மருத்துவம் என்று பெயர் பெற்ற இம்முறை, பின்னாளில் கிராம நலப் பணிகளுக்கு வழிகாட்டியாயிற்று.

கல்லூரியாய் வளர்தல்

இந்தியப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்பது ஐடாவின் அடுத்த கனவு. அரசு அலுவலர்கள் ஐயுற்றனர். பெண்கள் விண்ணப்பிக்க மாட்டார்கள் என்று எண்ணினர். 1918 ஆகஸ்டு மாதத்தில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வேலூரில் தொடங்கியது. முதல் ஆண்டில் வந்த விண்ணப்பங்கள் 151. இடம் இன்மையால் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. 1922இல் முதல் அணியைச் சேர்ந்த 14 பெண்களும் மாகாணத் தேர்வில் தேறி, ஐயுற்றவர்களை வியக்க வைத்தனர். திண்டிவனத்தில் அந்த மூன்று பெண்கள் இறந்து முப்பது ஆண்டுகளே கடந்திருந்தன.

பின்னர் மதராஸ் அரசு மருத்துவக் கல்வி விதிகளை மாற்றியது. பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக உயராத மருத்துவப் பள்ளிகள் நீடிக்க முடியாத நிலை ஏற்பட்டது. எழுபது வயதைக் கடந்திருந்த ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று, ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்புத் தொடங்கியது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அதுவே இன்று சி.எம்.சி. என்று மக்கள் அழைக்கும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி.

செவிலியர் பள்ளியும் உடன் வளர்ந்தது. 1946ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகள் தில்லியிலும் வேலூரிலும் தொடங்கின. 1909இல் இழிந்த வேலை என்று பெற்றோர் தயங்கிய பணி, 37 ஆண்டுகளில் பல்கலைக்கழகப் பட்டத்திற்குரிய கல்வியாக உயர்ந்தது. அவ்வாண்டே ஐடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் மருத்துவர் ஹில்டா லாசரஸ் அந்நிறுவனத்தின் முதல் இந்தியத் தலைவரானார்.

கோடைக்கானலில் இறுதி நாள்கள்

ஓய்வுக்காலத்தைக் கோடைக்கானலில் உள்ள தம் இல்லத்தில் ஐடா கழித்தார். முதுமையிலும் டென்னிஸ் ஆடினார். தோட்டத்தில் மலர்களைப் பேணினார். வேலூரிலிருந்து வந்தவர்களிடம் நோயாளிகளைப் பற்றியே வினவினார். அவருடைய பெயரும் இந்தியா என்னும் நாட்டின் பெயரும் மட்டும் எழுதப்பட்ட கடிதம் ஒன்று தவறாமல் அவரை வந்தடைந்ததாகக் கூறுவர். 1960ஆம் ஆண்டு மே மாதம், தம் 89ஆம் வயதில், அவர் கோடைக்கானலில் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இளமையில் விரும்பிய அமைதியான வாழ்வும் அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவர் அதனை ஓர் இழப்பாகக் கருதியதில்லை.

நம் மலையும் இப்பாடமும்

சின்னக்கானலிலிருந்து வடகிழக்கே, மலைத்தொடர்களுக்கு அப்பால் இருக்கிறது கோடைக்கானல். ஐடா இறுதி மூச்சு விட்ட அந்த மலைக்கும் நாம் வாழும் மலைக்கும் தொலைவு மிகுதியில்லை. இங்குத் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைக்கும் உங்கள் பெற்றோரும் பாட்டன்மாரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். லயங்களில் வாழும் முதியோர் பலர்க்கு மலையாளம் ஓரளவே வரும். சந்தையில் பொருள் வாங்க அது போதும். ஆனால் வலியைச் சொல்லப் போதாது.

குத்துகிற வலி, கடுக்கிற வலி, எரிகிற வலி, இழுக்கிற வலி என வலிக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! இவை ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒவ்வொரு குறிப்பு. தாய்மொழியில் மட்டுமே இவற்றைச் சொல்லத் தெரிந்த பாட்டி, மருத்துவமனையில் வெறுமனே வயிற்றைத் தொட்டுக் காட்டி நின்றால், பாதி நோய் சொல்லப்படாமலே போய்விடும். அத்தகைய வேளையில் உடன் செல்லும் பேரப்பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். உங்களில் பலர் அப்பணியைச் செய்திருப்பீர்கள். பாட்டியின் சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் செவிலியரிடம் சேர்ப்பதும், செவிலியர் சொன்ன மருந்தின் அளவைப் பிழையின்றிப் பாட்டிக்கு விளக்குவதும் பொறுப்பு மிக்க செயல்கள். அந்நேரத்தில் நீங்களும் உழைச்செல்வாரில் ஒருவர் ஆகிறீர்கள்.

கேரள நாட்டுச் செவிலியர் உலகெங்கும் பணியாற்றுகின்றனர். நம் மருத்துவமனைகளில் நாம் சிஸ்டர் என்றோ நர்சம்மா என்றோ அழைப்பவர் தமிழ் அறியாதவராக இருந்தாலும், நோயாளியின் முகம் பார்த்து இரண்டு தமிழ்ச் சொற்களைக் கற்று வந்து பேசுவதை நீங்கள் கண்டிருக்கலாம். அந்த இரண்டு சொற்களைக் கேட்டதும் பாட்டியின் முகம் மலர்வதையும் கண்டிருக்கலாம். மருந்துச் சீட்டில் எழுதப்படாத மருந்து அது.

திண்டிவனத்தில் மூன்று பெண்களுக்கு இல்லாமற்போன துணை, இன்று நம் ஊர் மருத்துவமனையில் வெள்ளுடையில் நிற்கிறது. அதனை மதிப்போம். தமிழையும் மலையாளத்தையும் ஒருசேர அறிந்த உங்களில் சிலர் நாளை அந்த உடையை அணிந்தால், இம்மலையில் நோயுற்றோர்க்கு அதனினும் பெரிய உதவி வேறில்லை.

சொல்லும் பொருளும்

உழை – பக்கம்
மகப்பேறு – குழந்தை பெறுதல்
பறை – தோற்கருவி வகை
ஐயம் – சந்தேகம்
இன்றியமையாத – இல்லாமல் முடியாத
வினவுதல் – கேட்டல்
கழிவு – உடல் வெளியேற்றும் பொருள்
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஐடா ஸ்கடர் பிறந்த ஊர் ----------.
2. மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்ட ஆண்டு ----------.
3. வேலூர்ச் செவிலியர் பள்ளியை ஐடாவோடு சேர்ந்து கட்டியெழுப்பியவர் ----------.
4. அகப்பாடல்களில் தலைவியை வளர்த்துப் பேணுபவள் ----------.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. வள்ளுவர் கூறும் மருத்துவத்தின் நான்கு கூறுகள் யாவை?
2. திண்டிவனத்தில் வந்த மூவரும் ஐடாவின் தந்தையை ஏற்க மறுத்தது ஏன்?
3. சலோமி கற்றுக்கொண்ட பணிகளுள் மூன்றினைக் கூறுக.

இ. ஒரு பத்தி அளவில் விடை தருக.
1. செவிலியர் பணிக்குப் பெண்கள் வரத் தயங்கியதன் காரணங்களை விளக்குக.
2. செவிலியர்க்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள உறவு நோயைத் தணிக்கும் நான்கு வழிகளைத் தொகுத்து எழுதுக.
3. மரத்தடி மருத்துவம் மக்களின் நம்பிக்கையைப் பெற்றது எவ்வாறு?

ஈ. மொழியோடு விளையாடு.
1. உறங்கவில்லை, தெரியாது, முடியாத, கூட்டாமல் – இவ்வெதிர்மறைச் சொற்களின் உடன்பாட்டு வடிவங்களை எழுதுக.
2. வலியைக் குறிக்க உங்கள் வீட்டில் வழங்கும் சொற்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க. ஒவ்வொன்றையும் தொடரில் அமைத்து எழுதுக. அவற்றுக்கு இணையான மலையாளச் சொற்களையும் அறிந்து அருகே எழுதுக.

உ. செய்து பார்.
உங்கள் ஊர் மருத்துவமனையில் பணியாற்றும் செவிலியர் ஒருவரைப் பெற்றோரோடு சென்று காண்க. அவருடைய ஒருநாள் பணியைக் கேட்டறிந்து, காலை முதல் இரவு வரை வரிசையாக எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.